பெல்ட்டுக்குள் வந்த மெழுகுக்கட்டி

என் அக்கா பூவம்மாளின் வீட்டுக்காரர் வைரக்கண்ணு மச்சானைப் போல ஒரு சந்தேகப் பிராணியை மன்னார்குடி வட்டாரத்தில் நான் கண்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, கை கழுவப் போகிற சாக்கில் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய், "உள்ள காட்டுனது உங்க அக்காதானா, இல்ல உங்க சித்தப்பா மவளா?" என்று கேட்டவர். எனக்கு அப்போது அரைக்கால் சட்டை வயது. "அக்காதான்" என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் குனிந்து, மணப்பெண் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டதைக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்துக்கு அவர் வருகிறார் என்றாலே அங்கிருப்பவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போட்ட நெல்லையே திரும்ப வாங்கி, மறுபடி போடச் சொல்வார். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால் மெஷின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்து, மெஷின் வைத்திருப்பவர் மேல் சந்தேகம் வந்துவிடும். என் உரக்கடையிலும் இதே கூத்துதான். சொந்த மச்சினன் கடை என்று பார்க்கமாட்டார். மூட்டையைப் பிரித்து யூரியாவை ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்து, "கரிக்குதே மாப்ள, என்னத்தக் கலந்த?" என்பார். யூரியா பின்னே இனிக்கவா செய்யும்?

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட மனிதரைப் பற்றி ஊருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது அவர் இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட். எங்கள் பக்கத்து விவசாயிகள் வேட்டிக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட்தான். முன்பக்கம் போனும் பொடிமட்டையும் வைக்க ஒரு பை தைத்திருக்கும். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டுவார்கள். மச்சான் மாட்டமாட்டார். படுக்கும்போதும் அது இடுப்பில்தான் இருக்கும். கேட்டால் இடுப்பு வலி என்பார். உள்ளே தங்கக் காசு இருக்கிறது என்றார்கள் சிலர். பங்காளி நிலத்தின் பட்டா இருக்கிறது என்றார்கள் சிலர். அக்காவுக்கு வேறு விதமான பயம் இருந்தது. எவளாவது கொடுத்த தாயத்தோ என்று என்னிடம் ஒருமுறை கேட்டே விட்டாள்.

போன வருடம், அறுவடை முடிந்து உளுந்து இரண்டிலை விட்டிருந்த சமயத்தில், மச்சானுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. அவர் முதலில் சந்தேகப்பட்டது பீட்ரூட் பொரியலை. பீட்ரூட் நின்றது, சிவப்பு நிற்கவில்லை. அடுத்தது நான் கொடுத்த பூச்சிமருந்து. கடைசியாக அக்காவைப் பார்த்து, "சோத்துல என்னத்தடி போடுற?" என்று கேட்டுவிட்டார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

அங்கே சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜகோபாலன் ஸ்கேன் எடுத்தார். குழாய் விட்டு உள்ளே பார்த்து, கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூத்திரப்பையின் உச்சியில் கட்டி, புற்றுநோய்தான் என்று பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலோடு ஒரு குழப்பமும் வந்தது. கட்டி இருந்த இடம் மூத்திரப்பை. அதன் சாயலோ குடலில் வருகிற கட்டியின் சாயல்.

"குடல்லேருந்து பரவி வந்துதான்னு பாத்துரணும். பின்வழியா ஒரு குழாய் விட்டுப் பாக்கணுங்க" என்றார் டாக்டர்.

"முன்னால விட்டாச்சு, இப்ப பின்னாலயா? இன்னும் எத்தன வழி பாக்கி இருக்கு?" என்றார் மச்சான். ஆனாலும் பார்த்தார்கள். குடல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

ராஜகோபாலன் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "இது மூத்திரப்பைக்கே சொந்தமான கட்டின்னா பையை முழுசா எடுத்துறணும். வயித்துல ஓட்டை போட்டு, வெளியில ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிவிடுவோம். மூத்திரம் அதுல சேரும். தேதி குறிச்சுக்குவோம். அதுக்குள்ள ஒரு மார்க்கர் டெஸ்ட் பாக்கணும். சில அபூர்வமான வகையும் உண்டு. இன்ன வகைன்னு தெரியாம கத்திய வைக்க எனக்கும் மனசில்ல."

மற்றது எதுவும் மச்சான் காதில் ஏறவில்லை. "வயித்துலயா?" என்று மட்டும் கேட்டார். "எல்லாருக்கும் தெரியிற மாதிரியா?"

திரும்பி வரும்போது பஸ் நீடாமங்கலம் தாண்டியது. மச்சான் ஜன்னலைப் பார்த்தபடி, "வயித்துல பையை ஒட்டிக்கிட்டு நான் ஊருக்குள்ள நடக்கமாட்டேன் மாப்ள. உன் கடையில இல்லாத மருந்தா?" என்றார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கே கடையின் மாற்றுச் சாவியை அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்துவிட்டேன்.

மார்க்கர் பரிசோதனைக்கு, கிள்ளிய சதையை வேறொரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சதையை மெழுகில் பதித்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். முதலில் பார்த்த ஆய்வுக்கூடத்துக்காரர், கூரியரில் அனுப்பிவிடுகிறோம் என்றார். மச்சான் விடுவாரா? "வழியில மாத்திப்புட்டா?" என்று கேட்டு, மெழுகுக்கட்டியைக் கையில் வாங்கினார். மேலே எழுதியிருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். வேறு யாரும் தொடக்கூடாது என்று பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டு, அழுத்தி மூடினார்.

டாக்டர் பர்வினின் ஆய்வுக்கூடம் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. அந்த அம்மா கூத்தாநல்லூர்க்காரர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். மச்சான் பெல்ட்டைத் திறந்து மெழுகுக்கட்டியை நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு விரலால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான்."

"மேலெல்லாம் பிசுபிசுங்குது. விளக்கெண்ணெய் வாசம் அடிக்குது."

நான் முந்திக்கொண்டேன். "சூட்டுக்குத் தொப்புள்ல எண்ணெ வைப்பாருங்க. எங்க பக்கம் எல்லாரும் வைக்கிறதுதான். பெல்ட்டுல பட்டிருக்கும்."

"எங்க வீட்லயும் வைப்போம்" என்றார் பர்வின். "எண்ணெ தேச்சிக் குளிக்கிற அன்னிக்கு ஒரு சொட்டு. பெல்ட்டு ஊறிப் பைக்குள்ள இறங்குற அளவுக்கு யாரும் வைக்கிறதில்ல. தினமும் வைப்பீங்களாய்யா?"

மச்சான் முகம் கறுத்தது. "டாக்டரம்மா, நீங்க சதையப் பாருங்க. பெல்ட்டப் பாக்க வேணாம்."

"சதையத்தான் பாக்கப்போறேன். மெழுகு உள்ள நல்லாத்தான் இருக்கு. மேலாப்ல சீவி எறிஞ்சா போதும். உங்க நல்ல நேரம்."

"நீங்க பாக்குறது எஞ் சதைதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேறு டாக்டராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். இந்த அம்மாவோ, "எனக்கும் அந்தச் சந்தேகம் தினம் வரும்" என்று சொல்லி, மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து, சதையைச் சீவி ஒட்டி முதல் ஆய்வுக்கூடம் கொடுத்தனுப்பியிருந்த கண்ணாடித் தகட்டின் எண்ணையும் மெழுகின் எண்ணையும் ஒத்துப்பார்க்கச் சொன்னார். மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கவிட்டார். மச்சான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரோஸ் கலரா இருக்கு. இதுல என்ன கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

பர்வின் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாற்றங்காலில் நெல்லும் களைப்புல்லும் ஒன்றுபோலவே நிற்கும். இலையும் தண்டும் சேருகிற இடத்தைப் பிரித்துப் பார்த்தால், நெல்லுக்கு ஒரு சின்னச் சவ்வு இருக்கும், புல்லுக்கு இருக்காது. புற்றுநோய்ச் செல்லும் அப்படித்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சில புரதங்கள் உள்ளே இருக்கும். அந்தந்தப் புரதத்துக்கு அந்தந்த மருந்தைப் போட்டால், இருக்கிற இடம் பழுப்பாக நிறம் பிடிக்கும். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று வைத்துத்தான் ஊர் பேர் சொல்வார்கள்.

படியிறங்கும்போது மச்சான் என் காதைக் கடித்தார். "அந்தம்மா சரியில்ல மாப்ள. சதையப் பாரும்மான்னா பெல்ட்ட மோந்து பாக்குது."

ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தபோது பர்வின் எனக்கு போன் செய்தார். "அவரைக் கூட்டிட்டு வாங்க. அவங்க சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார். சம்சாரத்தை எதற்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மச்சானைக் கேட்கவா வேண்டும்? வழியெல்லாம் அக்காவை முறைத்துக்கொண்டே வந்தார்.

பர்வின் எதிரே மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மூத்திரப்பையோட சொந்தச் செல்லுன்னா நிறம் பிடிக்கவேண்டிய மருந்து பிடிக்கல" என்றார் அவர். "குடல் செல்லுக்குப் பிடிக்கிறது பிடிச்சிருக்கு. ஆனா குடல்ல கட்டி வந்தா ஒரு புரதம் பெரும்பாலும் செல்லோட நடுவுல போயி உக்காந்துக்கும். இதுல அது ஓரத்துலயே நிக்குது. உங்க குடலும் சுத்தம்னு பாத்தாச்சு. குடல் மாதிரி இருக்கு, ஆனா குடல் இல்ல. மூத்திரப்பையில இருக்கு, ஆனா பையோட சொந்தமும் இல்ல."

"அப்ப யாரோடதுங்க?" என்று கேட்டாள் அக்கா.

மச்சான் துள்ளி எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல! மாத்திப்புட்டானுங்க!"

"சதை மாறல. உங்களோடதுதான்" என்றார் பர்வின். "நீங்கதான் எங்ககிட்ட எதையோ சொல்லாம வச்சிருக்கீங்க. அம்மா, இவரு பெல்ட்ட எப்பக் கழட்டுவாரு?"

"கழட்டவே மாட்டாருங்க" என்றாள் அக்கா.

"தொப்புள்ல ஈரம் கசியுமாய்யா?"

கொள்முதல் நிலையத்தில், என் கடையில், பங்காளிச் சண்டையில் எங்கேயும் வாய் அடங்காத மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் போறேன்" என்று கதவுப் பக்கம் திரும்பினார். நான் மறிப்பதற்குள் அக்கா எழுந்து குறுக்கே நின்றுவிட்டாள். அவரை எதிர்த்து அவள் நின்று நான் பார்த்ததே இல்லை.

"உள்ள என்ன வச்சிருந்தாலும் இருக்கட்டுங்க" என்றாள். "தாயத்தா இருந்தாலும் சரி, வேற எதுவா இருந்தாலும் சரி, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நீங்க பை மாட்டிக்கிட்டு வந்தாலும் நான் சோறு போடுவேன். போயிட்டீங்கன்னா நான் யாருக்குப் போடுறது?"

மச்சான் சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு பெல்ட்டை அவிழ்த்தார். உள்ளே காசும் இல்லை, பட்டாவும் இல்லை, தாயத்தும் இல்லை. எண்ணெயில் நனைந்த ஒரு பஞ்சு தொப்புளில் ஒட்டியிருந்தது. பர்வின் உறையை மாட்டிக்கொண்டு அதை எடுத்தார். அடியில் மஞ்சளாக ஈரம். நாள்பட்ட கசிவின் வாடை எண்ணெய் வாசத்தையும் தாண்டி வந்தது.

"பொறந்ததுலேருந்து இப்படித்தான்" என்றார் மச்சான், சுவரிடம் பேசுகிற மாதிரி. "காயும், மறுபடி கசியும். எங்காத்தா பஞ்சு வச்சு விடும். வெளியில தெரிஞ்சா எவனும் பொண்ணு குடுக்கமாட்டான், யாருக்கும் காட்டாதடான்னு சொல்லிச்சு. நானும் காட்டல."

ஸ்கேன் அன்றும், குழாய் விட்டுப் பார்த்த அன்றும் விடியலிலேயே குளித்துச் சுத்தமாகத் துடைத்து, பஞ்சை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார். ஈர நெல் மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டும் காய்ந்த நெல்லைப் பரப்பிவைக்கிற அதே வேலை. ஈரப்பதம் பார்ப்பவனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் உயிரையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசத்தை நாங்களும் வருடக்கணக்காக மோந்துகொண்டுதான் இருந்தோம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்காத வீடு எங்கள் பக்கம் ஏது? அதனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒன்றை மறைத்து வைத்திருக்கிறவனுக்கு எதிரே வருகிற கண்ணெல்லாம் அங்கேதான் பார்க்கிற மாதிரி தெரியும் போலிருக்கிறது. பெண்ணை மாற்றிவிடுவார்களோ என்று பயந்த மாப்பிள்ளை, தன்னைத்தான் மறைத்துக் கொடுத்திருக்கிறார். இதை நினைத்ததும் அவரைத் திட்ட மனசு வரவில்லை.

பர்வின் பொறுமையாகச் சொன்னார். தாய் வயிற்றில் இருக்கும்போது மூத்திரப்பையிலிருந்து தொப்புளுக்கு ஒரு சின்னக் குழாய் ஓடும். பிறப்பதற்குள் அது சுருங்கி நாராகிவிடும். சிலருக்கு முழுவதும் அடைபடாது. அந்த மிச்சத்தில் அபூர்வமாக, மிக அபூர்வமாக, புற்றுநோய் முளைப்பதுண்டு. அதன் சாயல் குடல் கட்டியின் சாயலாக இருக்கும். "நிறத்தை மட்டும் வச்சு நான் அடிச்சுச் சொல்லமுடியாது. தொப்புளை மட்டும் வச்சும் சொல்லமுடியாது. ரெண்டையும் சேத்துதான் எழுதப்போறேன்."

"நிச்சயந்தானா?" என்றார் மச்சான். பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கு. கட்டிய முழுசா எடுத்து என் மேசைக்கு வந்தாத்தான் அதுவும் தீரும்."

வெளியே வந்ததும் மச்சான், "இந்தம்மா பரவால்ல மாப்ள" என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து இன்னொருவருக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

ராஜகோபாலன் தொப்புளைக் குறிவைத்து மறுபடி ஸ்கேன் எடுத்தார். மூத்திரப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு மெல்லிய நார் தெரிந்தது. பழைய ஸ்கேனிலும் அது இருந்திருக்கிறது; குடல் மடிப்பென்று விட்டிருக்கிறார்கள். திட்டம் மாறியது. பையின் மேல்பகுதி, நார், தொப்புள் இவற்றை ஒரே துண்டாக எடுத்துவிட்டு, மிச்சப் பையைத் தைத்துவிடலாம் என்றார்.

"தொப்புளையுமா?" என்றாள் அக்கா.

"அத மொத ஆளா எடுங்க டாக்டர்" என்றார் மச்சான்.

ஆனால் ராஜகோபாலன் சிரிக்கவில்லை. "உள்ள திறந்து பாத்து, பரவியிருந்துதுன்னா பையை முழுசா எடுக்கவேண்டி வரும். அதுக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். மிச்சம் வச்சாலும் தையல் தாங்கணும். மூத்திரத்துக்கு மாட்டுற குழாய எடுத்தப்புறம் அது தானா வரணும். அதுவரைக்கும் நான் எதையும் நிச்சயமா சொல்லமாட்டேன்." மச்சான் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கையெழுத்தைப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து அவர் கண் திறந்ததும் செய்த முதல் வேலை, கையால் வயிற்றைத் தடவி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தது. கட்டுதான் இருந்தது. "ஓட்டை இல்ல மச்சான், பையில பாதிக்கு மேல மிச்சம் வச்சிருக்காங்க" என்றேன். நம்பவில்லை. நர்ஸைக் கேட்டார். நர்ஸையும் நம்பாமல் ராஜகோபாலன் வரும் வரைக்கும் தூங்காமல் கிடந்தார். எடுத்த துண்டு பர்வினிடம் போயிற்று. வெட்டின விளிம்பெல்லாம் சுத்தம், நோய் அந்தக் குழாயில் பிறந்ததுதான் என்று அவர் போனில் சொன்னதை, ஸ்பீக்கரில் போடச் சொல்லி மச்சான் தன் காதால் கேட்டுக்கொண்டார். இன்னும் சில வருடம் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக்கூடாது என்றும் அந்த அம்மா சொன்னார்.

பாக்கி இருந்தது மூத்திரம் போக மாட்டியிருந்த குழாய் ஒன்றுதான். தையல் ஆறும் வரைக்கும் அது அவர் உடம்போடு கிடந்தது. அதை உருவிய காலையில் ராஜகோபாலன், "தண்ணி நல்லாக் குடிங்க. வந்ததும் போய்ப் பாருங்க. வரலன்னா மறுபடி குழாய் போடவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார், படுத்தார், மறுபடி குடித்தார். கடைசியில் எழுந்து, அக்கா பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கதவோரம் போய் நின்றாள். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடினார். ஒரு பெருமூச்சு கேட்டது. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கதவில் காதை வைத்தாள். நான் என் குலசாமியை அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு கேட்டது. முதலில் விட்டு விட்டு, அப்புறம் நின்று நிதானமாக. அக்கா அப்படியே கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. "யாரு அங்க கதவுகிட்ட?"

"நாந்தாங்க."

"அங்க என்னத்தப் பண்ற?"

"சும்மாதாங்க."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல் வந்தது. நான் அதுவரைக்கும் கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

"பூவு, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றாள் அக்கா.